51 விடைகளைக் காட்டும் மழைப்படம்: ஐரோப்பிய மையத்தின் இலவசச் சேவை

பருவமழைக் காலத்தில் 'நாளைக்கு எத்தனை சென்டிமீட்டர்?' என்று ஒரே ஓர் எண்ணைக் கேட்டே நாம் பழகிவிட்டோம். அந்த எண்ணில் எவ்வளவு ஐயம் ஒளிந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டும் சேவைகள் குறைவு. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் தலைமையகம் கொண்ட ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலைக் கணிப்பு மையம், யாரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கும் மீட்டியோகிராம், அதாவது ஓர் ஊரின் வரும் நாள்களுக்கான வானிலையைக் காட்டும் வரைபடம், அவற்றுள் ஒன்று. மழையைக் கூர்ந்து கவனிப்பவர்களுக்கு அதை முழுமனதுடன் பரிந்துரைக்கிறேன்.

ஊரின் பெயரைத் தட்டச்சு செய்தால், அடுத்த பத்து நாள்களுக்கான மழை ஆறு மணி நேரத்துக்கு ஒரு பெட்டியாக விரிகிறது. வளிமண்டலத்தின் இன்றைய நிலையைப் பிழையின்றி அளக்க யாராலும் இயலாது. தொடக்கத்தில் உள்ள மிகச் சிறிய பிழையும் நாள் செல்லச் செல்லப் பெருகிவிடும் என்பதை அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1963-இலேயே காட்டிவிட்டார். ஆகவே இந்த மையம் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி, வானிலையைக் கணக்கிடும் ஒரே கணினி மாதிரியை 51 முறை ஓட்டி, 51 விடைகளைப் பெறுகிறது. பெட்டியின் அகன்ற பகுதிக்குள் அந்த விடைகளில் நடுப்பாதி அடங்கும். மேலே நீளும் மெல்லிய கோட்டின் நுனி, எல்லாவற்றிலும் அதிகமான மழையைக் குறிக்கும்.

நாகப்பட்டினத்துக்கு ஏழாம் நாளில் பெட்டி அடிக்கோட்டோடு ஒட்டிக் கிடக்க, மெல்லிய கோடு மட்டும் உயர்ந்து நிற்கிறது என்று கொள்வோம். பெரும்பாலான விடைகளில் மழை இல்லை, ஓரிரண்டில் மட்டும் பெருமழை என்பது அதன் பொருள். அடுத்தடுத்த நாள்களில் பெட்டியே மேலெழுந்து, கோடும் சுருங்கினால், சம்பா வயலின் வடிகாலைச் சரிபார்த்துவிட வேண்டும். 'புயல் வருகிறது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒற்றை வண்ணப்படம் அந்த 51-இல் ஒன்றாக மட்டுமே இருக்கக்கூடும் என்பதை இந்தப் பெட்டிகளைப் பார்த்துப் பழகியவர் உடனே உணர்வார்.

குறை இல்லாமல் இல்லை. இந்தக் கணினி மாதிரி நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கி.மீ. அகலமுடையது, சூடான காற்று மேலெழுவதால் உருவாகும் வெப்பச்சலன மேகங்கள் அதைவிடச் சிறியவை என்பதால், அவற்றை நேரடியாகக் கணக்கிடாமல் தோராயச் சூத்திரங்களால் ஈடுகட்டுகிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த 95 செ.மீ. போன்ற அளவை, ஒரு கட்டத்தின் சராசரியிடம் எதிர்பார்க்க முடியாது. 2025-இல் இந்திய வானிலைத் துறை பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த பாரத் கணிப்பு அமைப்பின் கட்டம் 6 கி.மீ. என்பது இவ்வகையில் வரவேற்கத்தக்கது. ஆனாலும் அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்து மழைக்கு மழைமேகங்களை அப்போதைக்கப்போது காட்டும் டாப்ளர் ரேடார் படத்தையே பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். படத்தில் நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளாவிட்டால், நள்ளிரவை ஒட்டிவரும் மழையை மாலை மழை என்று எடுத்துக்கொள்வீர்கள்.