ஜெர்மனியா, இங்கிலாந்தா: வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன்

2022-இல் எங்கள் குடும்பத்திலிருந்து இரண்டு பேர் இரண்டு வார இடைவெளியில் விமானம் ஏறினோம். பெரியப்பா மகன் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்கு, ஒரு வருட எம்.எஸ்சி. படிக்க. நான் ஜெர்மனியின் மக்டபூர்க்குக்கு, எந்திரப் பொறியியலில் இரண்டு வருட முதுகலை படிக்க. இருவரும் கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள், ஒரே கல்லூரியில் பி.இ. முடித்தவர்கள். மதிப்பெண்ணிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. இப்போது சித்தி மகள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஞாயிறு தவறாமல் போன் போட்டு "அக்கா, எங்கதான் போறது?" என்று கேட்கிறாள். அவளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

நான் ஜெர்மனி பக்கம் சாய்ந்தவள். அங்கே படித்து, இன்று லைப்சிக் அருகே ஒரு சிறிய நிறுவனத்தில் பரிசோதனைப் பொறியாளராக இருக்கிறேன். இங்கிலாந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அண்ணன் வழியாகத் தெரிந்தது. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

குளிர், சாப்பாடு, தனிமை எல்லாம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். பாடத்தை ஆங்கிலத்தில் படிக்க முடியுமா என்ற கவலையும் இப்போது தேவையில்லை. 1999-இல் ஐரோப்பிய நாடுகள் பட்டப் படிப்புகளை ஒரே மாதிரி முறைக்குக் கொண்டுவர இத்தாலியின் போலோன்யாவில் கையெழுத்திட்ட பிறகு, ஜெர்மனி தன் பழைய 'டிப்ளோம்' முறையை மெல்ல மெல்லக் கைவிட்டு இளங்கலை, முதுகலை என்று மாறியது. அதோடு ஆங்கில வழி முதுகலைப் படிப்புகளும் பெருகின. இன்று அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் முதலிடம். தரவரிசைப் பட்டியலைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. எனக்கு வேலை கொடுத்தவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்க வேண்டியது கடனைப் பற்றித்தான். எவ்வளவு கடன், எதை அடகு வைத்து, வட்டி ஓடத் தொடங்கிய பிறகு வேலை தேட எத்தனை மாதம் கிடைக்கும்? மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அண்ணனுக்குக் கல்விக் கட்டணம் மட்டும் 20,000 பவுண்டு. ஒன்பது மாதச் செலவுக்குக் கையிருப்பு காட்ட வேண்டும். விசா, மருத்துவக் கூடுதல் கட்டணம் எல்லாம் சேர்த்து 28 லட்சம் கடன். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்து கேட்கும். வீட்டுக்கு முப்பது வருட வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், வக்கீல் கருத்து எல்லாம் எடுத்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நானும் கூடப் போயிருந்தேன். வீடு பெரியப்பா, பெரியம்மா இருவர் பெயரிலும் இருந்தது. பெரியம்மா விரல் வைத்தபோது ரேகை இயந்திரம் எடுக்கவே இல்லை. நாற்பது வருடம் மஞ்சள் காட்டில் வேலை செய்த கை, ரேகை தேய்ந்திருந்தது. துண்டால் துடைத்து, எண்ணெய் தொட்டு, நாலாவது தடவைதான் பச்சை விளக்கு எரிந்தது. பெரியப்பா பத்திரத்தை மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் பையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

எனக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் நூறு சொச்சம் யூரோ கட்டினேன். அதற்குள்ளேயே ஊர் டிராம் பயணச் சீட்டும் அடக்கம். பெரிய செலவு என்றால், விசாவுக்காக முதல் வருடச் செலவுப் பணத்தைப் போட்டுக் காட்ட வேண்டிய 'பிளாக்டு அக்கவுண்ட்'தான். அன்று 10,332 யூரோ, நம் பணத்தில் எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வங்கியில் ஏழரை லட்சம் வாங்கினேன், அடமானம் இல்லை. மீதிக்கு அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

இந்த அக்கவுண்டைத்தான் நம் ஊரில் பலர் கட்டணம் என்று நினைக்கிறார்கள். அது உங்கள் பணம். போய் இறங்கியதும் மாதம் 861 யூரோ வீதம் உங்கள் கைக்கே திரும்பி வரும். 280 யூரோ அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, மளிகை போக என்னிடம் மாதம் நூறு, நூற்றைம்பது மிஞ்சியது. எப்படியும் சாப்பிடவும் தங்கவும் ஆகும் செலவைத்தான் முன்கூட்டி எடுத்து வைக்கிறோம். இங்கிலாந்தில் அந்தச் செலவும் உண்டு, அதற்கு மேல் கட்டணமும் உண்டு.

இன்றைய நிலைக்கு வருவோம். அக்கவுண்டில் இப்போது 11,904 யூரோ வைக்க வேண்டும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே 12 லட்சம். விமானம், காப்பீடு, ஆரம்பச் செலவு சேர்த்தால் 14 லட்சம். எனக்குக் கிடைத்த அடமானமில்லாக் கடன் என் தங்கைக்குப் போதாது, இதை மறைக்க முடியாது. இங்கிலாந்துக்கு, லண்டனுக்கு வெளியே 20,000 பவுண்டு கட்டணம் என்றும் பவுண்டு 115 ரூபாய் என்றும் வைத்தால், கையிருப்பு சேர்த்து 36 லட்சம். இரண்டுக்கும் 11 சதவீத வட்டி, படிப்புக் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை விலக்கு, பத்து வருடத் தவணை என்று போட்டுப் பார்த்தேன். விலக்குக் காலத்தில் சேர்ந்த வட்டியையும் கூட்டினால் ஜெர்மனிக்கு மாதம் ஏறத்தாழ 25,600 ரூபாய், இங்கிலாந்துக்கு 60,500 ரூபாய். ஜெர்மனிக்கு மூன்று வருட வட்டி, இங்கிலாந்துக்கு இரண்டே வருட வட்டி. அப்படியும் இந்த இடைவெளி.

25,000 ரூபாயை, வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினாலும், சென்னையிலோ கோவையிலோ ஒரு சம்பளத்தை வைத்துச் சமாளிக்கலாம். 60,000-ஐ அந்த நாட்டுச் சம்பளம் இருந்தால்தான் கட்ட முடியும். அப்படியென்றால் அந்த நாட்டு விசா விதியை நம்பி வீட்டை வைக்கிறோம் என்று அர்த்தம்.

அந்த விதி நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். படித்து முடித்தவர்கள் இரண்டு வருடம் தங்கி வேலை பார்க்கும் விசாவை இங்கிலாந்து 2012-இல் மூடியது. 2021 ஜூலையில் மறுபடி திறந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதைப் பதினெட்டு மாதமாகக் குறைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த படியான வேலை விசாவுக்கு ஆண்டுச் சம்பள வரம்பு தனி. அண்ணன் போனபோது, புதிதாகப் படித்து வந்தவர்களுக்குக் குறைந்தபட்ச வரம்பு 21,000 பவுண்டுக்குள் இருந்தது. அவர் வேலை தேடிக்கொண்டிருந்த 2024 ஏப்ரலில் அது 30,960 ஆனது. 2025 ஜூலையில் 33,400. இரண்டு நேர்காணலில் கடைசிச் சுற்று வரை போனார். ஒரு நிறுவனத்துக்கு விசா ஸ்பான்சர் செய்யும் உரிமமே இல்லை. இன்னொன்று அவ்வளவு சம்பளம் தர முடியாது என்றது. ஒரு வருடப் படிப்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செப்டம்பரில் போய் இறங்கினால், பெரிய நிறுவனங்களின் அடுத்த வருட ஆள்சேர்ப்பு அதே அக்டோபரில் தொடங்கிவிடும். அறை கிடைக்கும் முன்பே விண்ணப்பம் போட வேண்டும்.

இதில் இங்கிலாந்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே உள்நாட்டு இளங்கலை மாணவர் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 முதல் ஏழு வருடத்துக்கும் மேல் 9,250 பவுண்டிலேயே நின்றது. வெளிநாட்டவர் கட்டணத்துக்கு வரம்பு கிடையாது. பல்கலைக்கழகங்கள் அந்தப் பணத்தில்தான் துண்டு விழுவதைச் சரிக்கட்டுகின்றன. பல்கலைக்கழகத்துக்கு நாம் வேண்டும், குடியேற்றத் துறைக்கு எண்ணிக்கை குறைய வேண்டும். ஜெர்மனிக்கு வேலை செய்ய ஆள் வேண்டும். அதனால் படித்து முடித்த பிறகு வேலை தேடப் பதினெட்டு மாதம் தருகிறார்கள். வேலை கிடைத்து இரண்டு வருடம் ஆனால், மொழித் தேர்வு போன்ற நிபந்தனைகளோடு நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். பொறியியல் படித்தவருக்கு இந்த வித்தியாசம் பெரியது.

ஜெர்மனியின் விலை வேறு இடத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஜெர்மன் மொழி. வகுப்பறைக்குள் ஆங்கிலம் போதும், வாசலைத் தாண்டினால் போதாது. முகவரி பதியப் போன அலுவலகத்திலேயே மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டிக்கொண்டுதான் நின்றேன். பாதி நேர 'வெர்க்ஸ்டூடன்ட்' வேலைக்கு முதல் வருடம் அறுபது விண்ணப்பம் போட்டு இரண்டு பதில் வந்தது, இரண்டும் மறுப்பு. ஜெர்மன் மொழியில் பி1 நிலை (ஏ1, ஏ2-வுக்கு அடுத்த மூன்றாவது படி) முடித்து, விண்ணப்பக் கடிதத்தை ஜெர்மனில் எழுதிய பிறகுதான் கூப்பிட்டார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன் ஏ2-வாவது முடித்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

அக்கவுண்ட் பணம் முதல் வருடத்துக்குத்தான். இரண்டாம் வருடத்தை நீங்கள் சம்பாதிக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டிலிருந்து வர வேண்டும். வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய இப்போது அனுமதி உண்டு. ஆனால் தேர்வும் லேசில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சிதான். மூன்றாவதிலும் தவறினால் படிப்பே போய்விடும். என்னோடு சேர்ந்தவர்களில் நான்கே செமஸ்டரில் முடித்தவர்கள் குறைவு. எனக்கு ஐந்து ஆனது, வேலை கிடைக்க அதற்கு மேல் ஏழு மாதம்.

கட்டணமே இல்லை என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் முதுகலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. சான்றிதழ் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். நடைமுறையும் 2022 நவம்பர் முதல் இந்தியர்களுக்குக் கட்டாயம். நான் மயிரிழையில் தப்பினேன், இப்போது போகிறவர்கள் அதற்குச் சில மாதம் ஒதுக்க வேண்டும்.

ஏஜெண்டிடம் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பலவும் மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜெண்டுக்குக் கமிஷன் தருகின்றன. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்த வழக்கம் இல்லை. அதனால் "ஜெர்மனிதான் வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தால், வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் வாங்கும் தனியார் கல்லூரியை நீட்டுவார்கள். பெயரில் 'பெர்லின்' இருக்கும், கடன் மட்டும் இங்கிலாந்துக் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஈரோட்டில் ஓர் அலுவலகத்தில் எனக்கே முதலில் அதைத்தான் காட்டினார்கள். அரசுப் பல்கலைக்கழகமா என்பதை டி.ஏ.ஏ.டி. (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், நீங்களே விண்ணப்பியுங்கள்.

சட்டம், நிதி, ஊடகம் மாதிரி மொழியையே மூலதனமாக வைத்த துறை என்றால் நானும் இங்கிலாந்தைத்தான் சொல்வேன். இரண்டு மூன்று வருட வேலை அனுபவமும் சொந்தச் சேமிப்பும் இருந்து, ஒரு வருடத்தில் முடித்துத் திரும்புவேன் என்பவருக்கும் அது பொருந்தும். அண்ணனே சொல்வார்: ஆய்வறிக்கையை எப்படி எழுதுவது, ஆசிரியரிடம் எப்படி மறுத்துப் பேசுவது என்பதெல்லாம் அந்த ஒரு வருடத்தில்தான் கற்றுக்கொண்டாராம்.

மூன்றாவது வழி ஒன்றும் திறந்திருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தியாவில் வளாகம் திறக்க யு.ஜி.சி. 2023-இல் விதி வகுத்த பிறகு, இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகம் குருகிராமில் 2025-இல் வகுப்பு தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் டீக்கின் அதற்கு முன்பே, 2024-இல் குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் தொடங்கியது. விமானம் ஏறாமல் அதே பட்டம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்தவர் யாரும் அங்கே சேரவில்லை. பட்டத்தோடு அந்த நாட்டு வேலை விசா வராது என்பதை மட்டும் சேர்ந்துகொள்ளும் முன் நினைவில் வையுங்கள்.

அண்ணன் 2025 இறுதியில் ஊர் திரும்பினார். இப்போது சென்னை ஓ.எம்.ஆரில் வேலை, மாதம் 47,000 தவணை. கடைசித் தவணை 2034 செப்டம்பரில். பெரியப்பா வீட்டில் போன வருடம் மழைக்கு ஓடு மாற்ற வேண்டியிருந்தது, அந்த வீட்டின் பேரில் வேறு கடன் வாங்க வழியில்லாமல் தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். என் வளையல் கடன் இரண்டாம் வருடமே தீர்ந்தது. தங்கை சனி, ஞாயிறு ஏ1 வகுப்புக்குப் போகிறாள். கட்டணத்தை அண்ணன்தான் கட்டினார்.