பொம்மைக்கு ஸ்வெட்டரா, கார்டிகனா?

பொம்மைக்குப் பின்னுகிறவர்கள் இரண்டு கட்சியாக நிற்பார்கள். தலை வழியாகப் போடுவதுதான் ஸ்வெட்டர், மற்றதெல்லாம் சும்மா சட்டை என்பது ஒரு கட்சி. முன்பக்கம் திறந்து பட்டன் வைத்த கார்டிகன் இருக்கும்போது பொம்மையின் தலையை ஏன் போட்டுப் பாடாய்ப் படுத்த வேண்டும் என்பது இன்னொரு கட்சி. காரைக்குடியில் இந்தச் சண்டைக்கு ஆள் குறைவு. பொம்மை சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், பின்னத் தெரிந்த ஆச்சிமாரும் இருக்கிறார்கள். இரண்டையும் செய்கிறவர்கள்தான் இல்லை. சித்திரை வெயிலில் நான் உல்லன் நூலோடு முகப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எதிர்வீட்டு ஆச்சி, "ஏன் ஆத்தா, அதுக்குக் குளிருதாக்கும்?" என்று கேட்டுவிட்டுத் தன் ஓலைக் கொட்டானை முடையப் போய்விட்டார்.

நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பொம்மைக்குக் கார்டிகன்தான். அழகுக்காக அல்ல. அழகு என்று பார்த்தால் பல சமயம் ஸ்வெட்டர்தான் ஜெயிக்கும். முடிவு செய்வது பொம்மையின் தலையும் கட்டைவிரலும், பிறகு நம் ஊர் வெயிலும்.

தலை எவ்வளவு பெரிது?

பார்பியில் தொடங்குவோம். 1959-இல் வந்த நாளிலிருந்து அவள் உயரம் 11.5 அங்குலம், மனித அளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. பழைய உடல்வாகில் மார்புச் சுற்று சுமார் 13 செ.மீ. தலை அதைவிடச் சிறியதுதான், ஸ்வெட்டர் போய்விடும். ஆனால் அந்த முடி இருக்கிறதே! தொழிற்சாலையில் வாரிக் கட்டிய கொண்டை ஒரு தடவை கலைந்தால் பழைய வாக்கில் திரும்பவே திரும்பாது. அதனால் பார்பிக்கு ஸ்வெட்டர் போடத் தெரிந்தவர்கள் காலிலிருந்து மேலே ஏற்றுவார்கள். அப்படி ஏற்ற வேண்டுமென்றால் கழுத்துப் பட்டி இடுப்பைத் தாண்டும் அளவுக்கு இழுபட வேண்டும். இழுபடுகிற கழுத்து சில மாதத்தில் தொளதொளத்துவிடும். 2016 முதல் பருமன், குள்ளம், நெட்டை என்று பார்பிக்கு வேறு உடல்வாகுகளும் வந்துவிட்டன. ஒருத்திக்குப் பின்னிய ஸ்வெட்டர் இன்னொருத்திக்குச் சேராது. கார்டிகனோ பட்டனைத் திறந்து விட்டால் இரண்டு பேருக்கும் போகும்.

பிளைத் பொம்மையிடம் பேச்சே இல்லை. 1972-இல் அமெரிக்காவில் கென்னர் கம்பெனி ஒரே ஒரு வருடம் விற்று நிறுத்திய பொம்மை அது. 2001-இல் ஜப்பானின் தக்காரா மறுபடி கொண்டுவந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பித்துப் பிடித்தது. தலைச் சுற்று மார்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பார்பி உயரம்தான் இருக்கும், உடம்போ குச்சி. தலை வழியாக எதுவும் போகாது. கார்டிகன், இல்லாவிட்டால் முதுகு திறந்த உடுப்பு.

1986-இல் வந்த அமெரிக்கன் கேர்ள் வகை 18 அங்குலப் பொம்மைகளுக்கு உடம்பு துணி, கை கால் வினைல் என்ற மென் பிளாஸ்டிக். துணி உடம்பு அழுத்தினால் கொஞ்சம் கொடுத்து வாங்கும் என்பதால் உடுத்துவது சுலபம். தலை பெரிதுதான், அதனால் இங்கேயும் கார்டிகன்தான் வசதி. பொம்மையே பெரியது என்பதால் சாதாரண நூலிலேயே பின்னலாம். கற்றுக்கொள்கிறவர்கள் இங்கே தொடங்குவது நல்லது.

ஸ்வெட்டர் கட்சிக்குக் கிடைத்த ஒரே கோட்டை ஜப்பானியப் பந்துமூட்டுப் பொம்மை. 1999-இல் வோல்க்ஸ் கொண்டுவந்த சூப்பர் டால்ஃபிதான் இந்த வகைக்கு மூத்தது. பெரிய அளவு 60 செ.மீ.க்கு மேலும் போகும். உள்ளே எலாஸ்டிக், கொக்கி. தலையைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்வெட்டரை மாட்டலாம், வேண்டுமானால் கையையும் கழற்றலாம். முகத்தில் தீட்டிய வர்ணத்தை நூல் உரசுமோ என்ற பயமே இல்லை. விலை கேட்டால் மயக்கம் வரும் என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

அடுத்தது விரல். பார்பியின் கட்டைவிரல் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். சட்டைக் கைக்குள் அது நுழையும்போது பின்னலின் ஒவ்வொரு கண்ணியிலும் மாட்டும். மெல்லிய பிளாஸ்டிக் கவரில் ஒரு துண்டு கிழித்து மணிக்கட்டு வரை இறுக்கிச் சுற்றிக்கொண்டால் கை வழுக்கிக்கொண்டு போய்விடும், வெளியே வந்ததும் உருவிவிடலாம். கார்டிகனுக்கும் இது தேவைதான், ஆனால் கையைப் பின்னால் வளைத்துப் போடலாம் என்பதால் இழுபறி குறைவு.

கண்டாங்கியும் ஆத்தங்குடியும்

சரி, ஸ்வெட்டர் ஜெயிக்கிற இடத்துக்கு வருவோம். அது கோலம் போட ஒரு முழுத் தரை கொடுக்கும். நடுவில் பட்டன் பட்டி இல்லாததால் நெஞ்சு முழுக்க ஒரே படம்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கண்டாங்கிச் சேலையின் கட்டம் பொம்மைக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு மூன்றும் போதும். இரண்டு நிற நூலைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டே பின்னினால் பொம்மை அளவில் துணி தடித்து, கை ஒட்டாமல் அகன்று நிற்கும். அதனால் படுக்கைக் கோடுகளை மட்டும் பின்னிவிட்டு, செங்குத்துக் கோடுகளைப் பின்னல் கண்ணியின் மேலேயே தையல் ஊசியால் அதே வடிவில் ஓட்டிவிடுவது மேல். எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் மூன்றைப் பிரித்தெடுத்தால் கனம் சரியாக வரும். ஒரு சின்னக் கட்டு 8 மீட்டர்தான், முழு ஸ்வெட்டருக்குக் காணாது, கோடுகளுக்குத் தாராளம்.

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லின் பூவை எடுத்தால் ஒரு கணக்கு இடிக்கும். பின்னல் கண்ணி சதுரம் இல்லை, அகலம் கூடுதல், உயரம் குறைவு. 36 கண்ணி 10 செ.மீ. அகலம் பிடிக்கிற இடத்தில், அதே 10 செ.மீ. உயரத்துக்கு 50 வரிசை வரை வேண்டியிருக்கும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் கல்லின் பூவை வரைந்து அப்படியே பின்னினால் அமுக்கிவிட்ட அப்பளம்போல் வரும். நோட்டில் வரையும்போதே உயரத்தை நீட்டி, 13 கட்டம் அகலமானால் 18 கட்டம் உயரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கார்டிகனில் இதே பூ பட்டன் பட்டியில் இரண்டாகப் பிளந்துவிடும். பட்டன் போடும்போது ஒரு வரிசை ஏறி இறங்கினாலும் இதழ் கோணும். பொறுமைசாலிகள் முதுகில் பூவை வைத்து, முன்பக்கம் ஒற்றை நிறத்தில் விட்டுவிடுவார்கள். அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மையின் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்?

ஆனால் சேலை கட்டிய இந்தியப் பார்பி இருந்தால் நிலைமை தலைகீழ். சேலைக்கு மேல் தலை வழியாகப் போட்ட ஸ்வெட்டர் நம் கண்ணுக்கு ஒட்டாது. முந்தானையும் உள்ளே சுருண்டுவிடும். மார்கழி விடியலில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற டீச்சர்களைப் பார்த்திருப்பீர்கள், முந்தானைக்கு மேல் கார்டிகன், மேல் பட்டன் ஒன்று மட்டும் போட்டு. அதே தோரணை பொம்மைக்கும் அச்சாக வரும்.

எது பின்னச் சுலபம்?

பார்பியின் சட்டைக் கைச் சுற்று இருபது கண்ணிக்குள் முடிந்துவிடும். அதை நான்கு ஊசியில் வட்டமாகப் பின்னுவது சர்க்கஸ். இங்கே கடையில் நேர் ஊசி கிடைக்கும். வட்ட ஊசியும் இருபக்க முனை ஊசியும் வேண்டுமென்றால் ஆன்லைனில் வரவழைக்க வேண்டும். கார்டிகனுக்கு அந்தத் தொல்லை இல்லை. கழுத்தில் கண்ணி ஏற்றி, கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக ஓடும் நான்கு ராக்லன் கோடுகளில் கண்ணியைப் பெருக்கிக்கொண்டே கீழே இறங்கி, கைகளையும் தட்டையாகவே பின்னி, கைக்கு ஒரு தையலோடு முடித்துவிடலாம். முன், பின், கை என்று தனித்தனித் துண்டாகப் பின்னித் தைக்கும் பழைய முறை பெரிய ஆளுக்குச் சரி. பொம்மை தோளில் அந்தத் தையல் மேடு தட்டிக்கொண்டு நிற்கும்.

ஊசி விஷயத்தில் நம் ஊர் வழி ஒன்று உண்டு. நம் கடைகளில் ஊசி எண் கூடக் கூட ஊசி மெலியும்: 8-ஆம் நம்பர் 4 மி.மீ., 10 என்றால் 3.25, 14 என்றால் 2 மி.மீ. பொம்மைக்கு வேண்டியது இந்த 14. கிடைக்காவிட்டால் சைக்கிள் கடையில் 14 கேஜ் ஸ்போக்ஸ் கம்பி இரண்டு வாங்குங்கள். அதுவும் அதே 2 மி.மீ.தான், ஏனென்றால் இரண்டு எண்ணும் பழைய பிரிட்டிஷ் கம்பிக் கணக்கிலிருந்து வந்தவை. வளைந்த முனையை வெட்டிவிட்டு, ஒரு பக்கத்தை அரத்தால் கூராக்கி, உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்துவிட்டால் போதும். மறுமுனையில் கண்ணி வழியாமலிருக்க ஒரு பெரிய பாசி.

நூல்: வெயிலோடு ஒரு பஞ்சாயத்து

இங்கே தோரணத்துக்கும் மேஜை விரிப்புக்கும் உல்லன் என்று கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். சந்தேகமிருந்தால் ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். அசல் கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு தானே அணையும், சாம்பல் நொறுங்கும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். பருத்தி காகிதம்போல் எரியும்.

பார்பிக்கு டபுள் நிட்டிங் என்ற சாதாரண நடுத்தரத் தடிப்பு நூலை எடுத்தால், தளர்வு சேர்த்து 14 செ.மீ. மார்புக்கு 31 கண்ணிதான் வரும். ஒரு கண்ணி நாலரை மி.மீ. இதை ஆறால் பெருக்கினால், நாம் 27 மி.மீ. அகலக் கண்ணி போட்ட ஸ்வெட்டர் மாட்டினதற்குச் சமம். மெல்லிய நாலு இழை நூலில், 2 மி.மீ. ஊசியில் 50 கண்ணி வரும். அப்போதும் கண்ணி 17 மி.மீ. கணக்குத்தான். சாதாரண நூலில் அசல் அளவுக்கு முழுக்க இறங்க முடியாது. இதில் ஸ்வெட்டருக்குத்தான் அடி பலம். தடித்த நூல் கழுத்தில் குவிந்து, பொம்மைக்குக் கழுத்தே இல்லாததுபோல் ஆகும். கார்டிகனை வி கழுத்தாக விட்டால் அந்தப் பிரச்சினையே எழாது.

செட்டிநாட்டு வெயிலில் இதைவிடப் பெரிய தலைவலி சாயம். வினைல் சாயத்தை உறிஞ்சும், சூட்டில் இன்னும் வேகமாக உறிஞ்சும். ஆழ்ந்த சிவப்பும் கறுப்பும் கருநீலமும்தான் மோசமானவை. அதாவது நம் கண்டாங்கி நிறங்களேதான். ஈரமாக்கிய வெள்ளைத் துணியில் நூலை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், துளி நிறம் வந்தாலும் அந்த நூல் பொம்மைக்கு வேண்டாம். பருத்தியில் சாயம் போகிற அபாயம் அதிகம், நல்ல அக்ரிலிக்கில் குறைவு. தேய்த்ததில் நிறம் வராவிட்டாலும் உள்ளே ஒரு வெள்ளை மல் துணி ரவிக்கை போட்டுவிடுங்கள். கார்டிகனுக்கு உள்சட்டை எப்படியும் உண்டு. ஸ்வெட்டரைத்தான் வெறும் தோலின் மேல் மாட்டி மாதக்கணக்கில் நிறுத்திவிடுகிறார்கள்.

அசல் கம்பளி அழகாக விழும், உண்மை. ஆனால் அந்துப்பூச்சிக்கு விருந்து. அதற்காக அலமாரியில் அந்துருண்டை போட்டால் பூச்சி போகும், கூடவே பொம்மைக்கும் கேடு. சில வகை உருண்டையின் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். வசம்பை முடிச்சாகக் கட்டிப் போட்டு, அவ்வப்போது எடுத்து உதறி வைப்பதே போதும். மொத்தத்தில் பார்பி அளவுக்கு மெல்லிய அக்ரிலிக், 18 அங்குலத்துக்குப் பருத்தி, கம்பளி உங்கள் பொறுப்பு.

பட்டனில் மட்டும் கார்டிகன் கட்சி அடக்கி வாசிக்க வேண்டும். 4 மி.மீ. பட்டன் ஆன்லைனில்தான் கிடைக்கும், பட்டன் துளை நூலைத் தேய்க்கும். சின்னப் பாசியும் நூல் வளையமும் எனக்குப் பிடித்தவை. டிச் பட்டன் உறுதியானது, ஆனால் உலோகம் வினைலைத் தொடக்கூடாது. பழைய பார்பிகளின் காதில் தோட்டின் செம்பு பச்சை பிடித்த கதை சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரியும். வெல்க்ரோ வேண்டவே வேண்டாம், முடியையும் நூலையும் ஒருசேரப் பிய்க்கும்.

முதுகு திறந்த ஸ்வெட்டர் என்று ஒரு சமரசக் கட்சியும் இருக்கிறது. முன்னால் முழுக் கோலம், பின்னால் பட்டன். பிளைத்துக்கு ஆத்தங்குடிப் பூ வேண்டுமென்றால் வேறு வழியில்லை. போட்டோ எடுக்கிறவர்களுக்கு மட்டும் பிடிக்காது, பொம்மையைத் திருப்ப முடியாதே.

இவ்வளவும் பிளாஸ்டிக் பொம்மைக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடினால் மரப்பாச்சி ஜோடி அகப்படும். அதற்கு இரண்டுமே ஆகாது. கை உடம்போடு ஒட்டியே செதுக்கியிருக்கும், சட்டைக் கை நுழைய இடுக்கே கிடையாது. தோளைச் சுற்றி ஒரு போர்வைபோல், கழுத்தில் முடிச்சிடும் கேப் பின்னுங்கள்: கழுத்தில் 30 கண்ணி ஏற்றி, நாலு வரிசைக்கு ஒரு தடவை எட்டு இடத்தில் பெருக்கி, முழங்கை மறையும் வரை. கொலுவுக்கு எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிய மரப்பாச்சியானால் பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்து, இரண்டு நாள் காற்றாட விட்டுவிட்டுப் போடுங்கள். எண்ணெய் குடித்த நூலில் தூசி ஒட்டினால் துவைத்தாலும் போகாது.