ஜெர்சி கலப்பா, எச்.எஃப் கலப்பா?

ரெண்டு மாடு வைத்துப் பிழைக்கிறவர்கள் மாடு வாங்கப் போனால் கேட்கும் முதல் கேள்வி "எது அதிகம் கறக்கும்" என்பதுதான். லிட்டர் கணக்கு மட்டும் பார்த்தால் எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற வெளிநாட்டு இனம்) கலப்புதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பால் சொசைட்டியில் காசு கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்துத்தான் தருகிறார்கள், எச்.எஃப் கலப்பின் பாலில் கொழுப்பு 3.5 சதவீதத்தைச் சுற்றி நிற்கும், ஜெர்சி கலப்பில் 4.5 வருவது சாதாரணம்.

அப்புறம் வெயில். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு எச்.எஃப் சரி. சமவெளியில் சித்திரை மதியம் அது வாயைத் திறந்து எச்சில் வழிய மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும், தொட்டியில் வைத்த தீவனம் அப்படியே கிடக்கும், கறவையும் இறங்கிவிடும். ஜெர்சியும் வாடும்தான், இவ்வளவு இல்லை.

தீனிச் செலவுதான் பெரிய விஷயம். ஒரு நாளைக்கு மாட்டின் உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) என்பது வழக்கமான கணக்கு. 15 லிட்டர் கறந்தால் ஏழரை கிலோ ஆச்சு. இதைக் கொடுக்காமல் வெறும் வைக்கோலைப் போட்டால் எச்.எஃப் முதலில் மெலியும், பிறகு சினையும் பிடிக்காது.

கிணறும் பத்து சென்ட் கம்பு நேப்பியர் தீவனப்புல்லும் கொட்டகையில் மின்விசிறியும் இருந்தால் எச்.எஃப் வாங்குங்கள். இல்லையென்றால் ஜெர்சி. எதுவானாலும் இரண்டு வேளை கறந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள், முந்தின வேளை கறக்காமல் மடியை நிரப்பிக் காட்டும் ஆட்கள் சந்தையில் உண்டு.