பழைய கொறோலாவில் றிமோட் ஸ்ரார்ட்டர்: ஒரு பொனற் சுவிட்ச் புராணம்

வேலையிடத்துத் தம்பி ஒருவர் 2011 சிவிக் கார் ஒன்று வாங்கியிருக்கிறார். "அண்ணை, உங்கட காரில பூட்டின மாதிரி றிமோட் ஸ்ரார்ட்டரும் அலாமும் நானும் பூட்டட்டோ?" என்று கேட்டார். போன கிழமை கேட்டிருந்தால் "பூட்டும் தம்பி" என்று ஒரே வசனத்தில் முடித்திருப்பேன். அவர் கேட்டது நான் கராஜில் 140 டொலர் கட்டிவிட்டு வந்த அன்று. ஆகவே பதில் கொஞ்சம் நீளம்.

என்னுடையது 2010 கொறோலா. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தடுக்கி விழுந்தால் இன்னொரு கொறோலாவில்தான் விழ வேண்டும் என்பதால் காரைப் பற்றி விளக்கம் தேவையில்லை. அதில் அலாமும், தூரத்திலிருந்தே பித்தானை அழுத்தி எஞ்சினை ஓடவைக்கும் றிமோட் ஸ்ரார்ட்டரும் ஒரே பெட்டியாக வரும் செற் ஒன்றைப் பூட்டி, சில குளிர்காலங்கள் போய்விட்டன. கூலி, வரி எல்லாம் சேர்த்து 500 டொலருக்குக் கிட்ட வந்தது. பெயர் சொல்லப் போவதில்லை. சந்தையில் இருக்கிற செற்றுகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வேலை செய்கின்றன. பூட்டுகிறவரின் கையில்தான் விஷயம் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் மறந்துவிடக்கூடாது. நாங்கள் இருப்பது ஏழாம் மாடி. கார் நிற்பது வெளியே, திறந்த வெளியில். சனவரியில் வெப்பநிலை −20 வரை போகும் காலையில், தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு பல்கனிக் கண்ணாடிக்குக் கிட்ட நின்று பித்தானை அழுத்துகிறேன். கீழே பார்க்கிங் லைற் எரிகிறது, புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி வருகிறது, கையில் இருக்கிற றிமோட் 'பீப்' என்று பதில் சொல்கிறது. இறங்கிப் போகும்போது முன்கண்ணாடியில் இருக்கிற ஐஸ் இளகி, சுரண்டியை ஒருதரம் இழுத்தாலே தகடாகக் கழன்று வருகிறது. கண்ணாடியை முழுதாகத் துடைக்காமல் வீதியில் ஏறுவது ஒன்ராறியோவில் சட்டப்படியும் குற்றம். நள்ளிரவு வேலை முடிந்து வரும் என் மனைவிக்கு இருட்டான பார்க்கிங்கில் நின்று ஐஸ் சுரண்டும் வேலை இல்லாமல் போனதே இந்த 500 டொலருக்குக் காணும் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போதும் அதை மறுக்கவில்லை.

பழைய காருக்கு இதில் ஒரு தனி வசதி. ஹீற்றருக்கு இருப்பது கையால் திருகும் குமிழ். இரவு காரை நிறுத்தும்போது அதைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பி, காற்றை முன்கண்ணாடிக்கு விட்டு, ஃபானையும் கூட்டி வைத்துவிட்டால் காலையில் அது அப்படியே வேலையைத் தொடங்கிவிடும். பின்கண்ணாடிச் சூடுதான் தொல்லை. என் காரில் அது அமத்தும் பித்தான், எஞ்சின் நின்றால் தானும் அணைந்துவிடும். அதற்குத் தனி வயர் இழுக்க வேண்டும் என்று பூட்டியவர் 40 டொலர் கூட்டிக் கேட்டார். முனகிக்கொண்டுதான் கொடுத்தேன். அதைவிட நன்றாகச் செலவான 40 டொலர் இந்தக் காரில் இல்லை.

எதிர்பாராத சந்தோசம் கோடையில் வந்தது. யூலை மாத வெயிலில், கடைத்தொகுதிப் பார்க்கிங்கில் நின்ற காருக்குள் ஏறினால் சின்னவளின் சீற்பெல்ற் கொக்கி தொட முடியாமல் சுடும். கடைக்குள் காசு கட்டும் வரிசையில் நிற்கும்போதே அழுத்திவிட்டால், போகும்போது ஏசி ஓரளவு வேலை செய்து முடித்திருக்கும். பதினைந்து வருசக் காரைப் பற்றி என் மாமி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அந்தக் கோடையில்தான்.

இனி 140 டொலர் கதைக்கு வருவோம்.

இந்தச் செற்றில் மூளை என்று ஒரு பெட்டி, இமொபிலைசரை (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத காவல்) ஏமாற்ற இன்னொரு பெட்டி, எஞ்சின் பிடித்துவிட்டதா என்று அறிய எஞ்சின் சுற்றும் வேகத்தைப் படிக்கும் இணைப்பு, பிரேக்கை மிதித்தால் எஞ்சினை நிறுத்தும் வயர் என்று எத்தனையோ சங்கதிகள் இருக்கின்றன. இத்தனை வருசத்தில் இவற்றில் ஒன்றுகூட என்னைக் கைவிடவில்லை. கைவிட்டதெல்லாம் ஒரேயொரு பொருள்: பொனற் சுவிட்ச். எஞ்சின் அறையின் ஓரத்தில், பொனற்றை மூடும்போது அமுங்கும்படி நிற்கிற ஒரு சின்ன ஊசி. ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தும்போது உள்லைற்றை அணைக்கிற பித்தான் போன்றது. விலை பத்து டொலருக்குள்.

அதன் வேலை நியாயமானது. பொனற் திறந்திருக்கும்போது ஊசி மேலே எழும்பி வயரைக் காரின் உடம்போடு தொடுக்கிறது. உடனே மூளை, "யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார், ஸ்ரார்ட் செய்யாதே" என்று புரிந்துகொள்ளும். எண்ணெய் மாற்றுகிறவர் பெல்ற்றுக்குக் கிட்ட விரல் வைத்திருக்கும்போது ஏழாம் மாடியிலிருந்து யாராவது பித்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தால் இதன் அருமை தெரியும்.

ஆனால் ரொறன்ரோ வீதிகளில் நவம்பரிலிருந்து உப்பு கொட்டுகிறார்கள். என்னுடைய சுவிட்சைப் பூட்டியிருந்தது மட்கார்ட்டின் விளிம்பில், பொனற்றிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில். ஊசியின் கழுத்தில் துரு ஏறி, ஈரம் தங்கி, அந்த ஈரத்தின் வழியாகவே வயர் காரின் உடம்பைத் தொட்டுவிடுகிறது. பொனற் இறுக்கமாகப் பூட்டியிருந்தும் மூளைக்கு அது திறந்திருப்பதாகவே படும். கடும் குளிரில் இது வராது. பனி கரைந்து, ஈரமாகி, இரவில் மறுபடி உறையும் பெப்ரவரி, மார்ச் நாட்களில்தான் வரும். முன்கண்ணாடியில் கண்ணாடி மாதிரியே ஐஸ் படிகிற நாட்களும் அவைதான். பித்தானை அழுத்தினால் எஞ்சின் ஓடாது, பார்க்கிங் லைற் சில தடவை மின்னும். எத்தனை தடவை மின்னினால் என்ன காரணம் என்று கையேட்டில் ஒரு அட்டவணை இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். எப்போதும் அதே காரணம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஊசி துருப்பிடித்துக் கீழேயே சிக்கிக்கொண்டால், பொனற் திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக மூளை நினைத்துக்கொள்ளும். அது எரிச்சலில்லை, ஆபத்து. "அந்த வயரை வெட்டிவிடுங்கோ, பிரச்சினை தீர்ந்தது" என்று சொல்கிறவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர். வெட்டினால் பொனற் எந்நேரமும் மூடியிருப்பதாகவே மூளை எடுத்துக்கொள்ளும். அடுத்தவரின் விரலை வைத்து நான் மிச்சம் பிடிக்க விரும்பவில்லை.

பூட்டிய கடையில் கேட்டேன். "எல்லாருக்கும் அங்கேதான் பூட்டுகிறோம்" என்றார்கள். எல்லாருக்கும் அங்கேதான் துருப்பிடிக்கிறது போலும். அதே இடத்தில் புதியது மாற்றித் தந்தார்கள், அதுவும் போனது. இந்தத் தடவை வேறொரு கராஜுக்குப் போனேன். அவர் சுவிட்சை உள்பக்கமாக, தண்ணீர் வடியாத இடத்துக்கு மாற்றி, இணைப்பில் கிறீஸ் பூசி, பழைய ஓட்டையை அடைத்தும் தந்தார். சுவிட்சுக்கு எட்டு டொலர், மிச்சமெல்லாம் ஏன் ஸ்ரார்ட் ஆகவில்லை என்று தேடிப் பார்த்த கூலி. பொனற் சாய்வதை வைத்துக் கண்டுபிடிக்கும் வேறு வகைச் சுவிட்சும் இருக்கிறதாம். அதில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியே இல்லை. அதை முதல் நாளே ஒருவர் சொல்லியிருக்கலாம்.

இதெல்லாம் ஸ்ரார்ட்டரோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதே சுவிட்சுதான் அலாமுக்கும் காவல். விடிய இரண்டு மணிக்கு அந்த ஈரம் மனம் மாறினால் பொனற்றைத் திருடன் திறந்துவிட்டதாக நினைத்துக் கார் அலறும். முழுக் கட்டடமும் எழும்பும். ஒருநாள் வைப்பருக்குள் ஒரு கடிதம் செருகியிருந்தது. மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு பெண்மணி, மிக மரியாதையான ஆங்கிலத்தில், என் காரை யாராவது திருடிக்கொண்டு போனால் தனக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதியிருந்தார்.

அலாமின் லட்சணம் இதுதான். சைரன் அலறும்போது வெளியே எட்டிப் பார்க்கிறவர் திருடனைத் தேடுவதில்லை, காரின் சொந்தக்காரனைத்தான் தேடுகிறார். அது போகட்டும், என் காரை யார் திருடப் போகிறார்கள்? சில வருசங்களுக்கு முன் ஒன்ராறியோவில் கார்த் திருட்டு உச்சத்துக்குப் போனபோது ஹைலாண்டர், சிஆர்வி, லெக்ஸஸ் ஆர்எக்ஸ் என்று பெரிய கார்களாகத் தேடித்தேடி எடுத்து, மொன்றியல் துறைமுகம் வழியாகக் கப்பலேற்றினார்கள். பித்தானை அமத்தி ஸ்ரார்ட் செய்யும் கார்களில், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வெளியிலிருந்தே பிடித்து நீட்டித் திறக்கும் வித்தை இருக்கிறது. 2024இல் ரொறன்ரோ பொலிஸ் அதிகாரி ஒருவர், திருடர் வீட்டுக்குள் நுழைவதைத் தவிர்க்கக் கார்ச்சாவியை வாசலிலேயே வைத்துவிடலாம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் இந்தக் காலத்தில்தான். திருகும் சாவி உள்ள என் கொறோலாவில் அந்த வித்தை செல்லாது. கப்பல் செலவுக்கும் அது காணாது.

உண்மையான காவல் தொழிற்சாலையிலேயே வந்துவிட்டது. 2007 செப்ரெம்பர் முதல் கனடாவில் விற்கும் புதிய கார்களுக்கு இமொபிலைசர் கட்டாயம். சாவிக்குள் இருக்கும் சிப்பைக் கார் அடையாளம் காணாவிட்டால் எஞ்சின் ஓடாது. அதனால்தான் றிமோட் ஸ்ரார்ட்டருக்கு இரண்டாவது பெட்டி தேவைப்படுகிறது. தம்பிக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய முறையில் வேலை செய்கிற கடைக்காரர் உங்கள் மேலதிகச் சாவியையோ அதன் சிப்பையோ வாங்கி டாஷ்போட்டுக்குள் ஒளித்துவைத்துவிடுவார். திருட்டைத் தடுக்கக் காசு கொடுத்து, சாவியைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும். சாவி கேட்காமல் காரின் கம்பியூட்டரோடு பேசும் வகைப் பெட்டி இருக்கிறது, அதையே கேளுங்கள். வயர்களைக் கடித்துப் பிடிக்கும் கிளிப் போடாமல் ஈயம் வைத்து ஒட்டுவார்களா என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

"ஓடிக்கொண்டிருக்கிற காரை யாராவது கொண்டுபோய்விட மாட்டார்களா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். மாட்டார்கள். சாவி போட்டுத் திருப்பாமல் பிரேக்கைத் தொட்டால் எஞ்சின் நின்றுவிடும், ஸ்ரியரிங்கும் பூட்டியே இருக்கும்.

பெட்டியில் றிமோட் 3000 அடிக்கு எட்டும் என்று போட்டிருந்தது. கொங்கிரீற் கட்டடத்துக்குள், லிஃப்ற்றுக்குள் எல்லாம் அதை மறந்துவிடலாம். கண்ணாடிக்குக் கிட்ட நின்றால் என் காருக்கு எட்டுகிறது, அது போதும். றிமோட்டை மோவாயில் வைத்து அழுத்தினால் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். பார்க்கிறவர்கள் ஏதாவது நினைப்பார்கள், நினைக்கட்டும்.

பற்றரியில் கவனம் வேண்டும். −18இல் பற்றரியின் பலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதோடு ஹீற்றர் ஃபான், பின்கண்ணாடிச் சூடு எல்லாம் போட்டு நின்றபடி ஓடவிட்டு, ஐந்து நிமிட ஓட்டத்தில் வேலைக்குப் போய்விட்டால் எடுத்த மின்சாரம் திரும்பி ஏறாது. ஊருக்குப் போவதற்காகக் காரை ஒரு மாதம் நிறுத்துவதானால் பற்றரியின் வயரைக் கழற்றிவிடுங்கள். அலாம் தூங்குவதில்லை, சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, செற் ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடும். ரொறன்ரோ நகரச் சட்டமோ ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றபடி ஓடவிடக்கூடாது என்கிறது. இரண்டும் ஒரே நகரத்தில் பகிரங்கமாக நடக்கின்றன. 3 லீற்றர் எஞ்சின் 10 நிமிடம் சும்மா ஓடினால் 300 மில்லிலீற்றர் அளவு பெற்றோல் போகும் என்பது கனடா இயற்கைவள அமைச்சின் கணக்கு. என்னுடையது 1.8 லீற்றர்தான் என்றாலும் தினமும் என்றால் கூடிவிடும். ஐந்து நிமிடத்துக்குமேல் நான் விடுவதில்லை. மூடிய வீட்டுக் கராஜுக்குள் ஒருபோதும் அழுத்தவேண்டாம், மணமே இல்லாத கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொன்றுவிடும். பனி கொட்டியபின் புகைக்குழாய் மூடியிருக்கிறதா என்று பார்க்காமலும் உள்ளே குந்தியிருக்கவேண்டாம்.

சரி, தம்பி, பூட்டட்டோ என்று கேட்டீர்கள். நான் இவ்வளவு புகழ்ந்தபிறகும் சொல்கிறேன், இந்த வருசம் வேண்டாம். பதினாலு வருசம் தாண்டிய சிவிக், வெளியே நிற்கும் கார், ஒவ்வொரு புது இணைப்பும் உப்புக்கு ஒரு புது வாசல். 20 டொலருக்கு நல்ல சுரண்டி ஒன்றும், முன்கண்ணாடியை மூடும் துணி ஒன்றும் வாங்குங்கள். இல்லை, கட்டாயம் வேண்டும் என்றால் ஸ்ரார்ட்டர் மட்டும் பூட்டுங்கள், அலாம் வேண்டாம். அதையும் முதல் ஸ்நோ விழமுன், செப்ரெம்பரிலேயே செய்துவிடுங்கள். நவம்பரில் எல்லாக் கடையிலும் வரிசை நிற்கும், அவசரத்தில் அந்த வாய்க்காலில்தான் ஓட்டை போடுவார்கள். மனைவி இதை வாசித்துவிட்டு, "அப்ப எங்கட காரிலயிருந்து கழட்டப் போறீங்களோ?" என்று கேட்கிறார். ஸ்ரார்ட்டரை யார் கழற்றுவது? சைரனை மட்டும் கழற்ற எவ்வளவு என்று அந்தக் கராஜில் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் ஒரு மணி நேரக் கூலியாம்.