விடியலுக்கு எந்த மண்மேடு? நெதர்லாந்தில் மூன்று இடங்கள்

ஹேக் நகரின் கடற்கரை வடமேற்கைப் பார்த்தது. அங்கே சூரியன் கடலிலிருந்து எழாது, முதுகுக்குப் பின்னால் நிலத்திலிருந்துதான் வரும். நெதர்லாந்தில் மனிதர் குவித்த மண்ணில் நின்று விடியலைப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் இதை மனத்தில் வைக்க வேண்டும். இடத்தைத் தேர்வு செய்வதே இதைப் பொறுத்துத்தான்.

சான்ட்மோட்டர்: ஹேக் அருகே, கடலரிப்பைத் தடுக்க, 2011-இல் கடலடியிலிருந்து அள்ளிவந்த 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கரையோரம் கொட்டி உருவாக்கிய நிலமுனை. காற்றும் அலையும் அந்த மணலைக் கரை நெடுகப் பரப்பும் என்பது திட்டம். ஜூன் மாதம் போனால் நல்லது. அப்போது சூரியன் வடகிழக்கில், கரை நீளும் திசையை ஒட்டியே எழும். மற்ற மாதங்களில் திறந்த வெளியும் பலத்த காற்றும் மட்டுமே மிச்சம்.

அப்சர்வேட்டோரியம்: அமெரிக்கச் சிற்பி ராபர்ட் மாரிஸ் இந்த மண் சிற்பத்தை முதலில் 1971-இல் வெல்சன் அருகே மணல்மேடுகளுக்கிடையே அமைத்தார். 1977-இல் லேலிஸ்டாட் அருகே மீண்டும் கட்டினார்கள். இப்போது அது நிற்கும் நிலம் 1957 வரை நீருக்கடியில் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மண் வளையங்கள். நடுவில் நின்றால், பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாள்களில் எஃகுத் தகடுகளுக்கிடையிலும், பகல் மிக நீளும் ஜூன், மிகக் குறுகும் டிசம்பர் திருப்பு நாள்களில் கருங்கல் இடுக்குகளிலும் சூரியன் எழுவது தெரியும். திருப்பு நாளுக்கு ஓரிரு நாள் முன்பின் போனாலும் பரவாயில்லை. மார்ச், செப்டம்பரில் அந்தச் சலுகை கிடையாது. ஒரே நாளில் உதிக்கும் இடம் சூரியனின் அகலத்துக்கும் மேல் நகர்ந்துவிடும். சூரிய வட்டத்தையே பார்த்தாக வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. டிசம்பரில் உதயம் காலை 8.45 மணியளவில்தான் என்பதால் குழந்தைகளோடும் போகலாம்.

ஆனால் தேதி பார்க்காமல் ஒரு காலை மட்டும் கையில் இருந்தால், நான் ஹேக்கின் கடற்கரைப் பகுதியான கைக்டாயினுக்குத்தான் அனுப்புவேன். அங்கே மணல்மேடுகளின் மேல் அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரல் 1996-இல் அமைத்த ‘வான விதானம்’ இருக்கிறது. சுமார் 40 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட நீள்வட்டக் குழி, சுற்றிலும் ஆளுயரத்தை மிஞ்சிய மண்கரை. கான்கிரீட் வழியாக உள்ளே நுழைந்ததும் கடலும் நகரமும் மறைந்துவிடும். நடுவிலுள்ள கல்மேடையில் தலை பின்னோக்கிச் சாயப் படுத்தால் வானம் மட்டும் கவிந்து நிற்கும். சூரியன் தெரியாது, அதன் நிறங்கள் அத்தனையும் தெரியும். கருநீலம் வெளிறி வெளிச்சமாகும் அந்த நேரத்தை வேறெங்கும் இவ்வளவு முழுமையாகப் பார்க்க முடியாது.

உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் இருக்கும்போது எழுந்து, சற்று உயரத்திலுள்ள இரண்டாவது கல்மேடைக்கு ஏறி, மேற்கே கடலைப் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் அடிவானத்தில் சாம்பல் நீலப் பட்டை ஒன்று தெரியும், அதன்மேல் இளஞ்சிவப்பு. அந்த நீலம் பூமியின் நிழல். சூரியன் நெருங்க நெருங்க அது கடலுக்குள் தாழும்.