எச்.323, சிப், ஐஏஎக்ஸ், வெப்ஆர்டிசி: ஒரு அரிசி ஆலைக்கு எது பொருந்தும்?

மன்னார்குடி பக்கத்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் கேட்டார்: "தம்பி, ஆலை இங்க, குடோன் திருவாரூர்ல, கடை கும்பகோணத்துல. மூணுக்கும் நெட் வழியா போன் போடணும். துபாய்ல இருக்குற பையன்கிட்ட வீடியோல பேசணும். எது நல்லா இருக்கும்?" மூன்று நாள் யோசித்து அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சிக்னலிங் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வாய்க்காலில் ஓடும் தண்ணீர் வேறு, மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வேறு. குரலும் படமும் தண்ணீர். யாரைக் கூப்பிடுகிறோம், மணி அடிக்கிறதா, எடுத்தாரா, குரலை எந்த முகவரிக்கு அனுப்புவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் லஸ்கர் வேலை. அதைத்தான் சிக்னலிங் என்கிறார்கள். தண்ணீர் பெரும்பாலும் ஆர்டிபி என்ற தனி வாய்க்காலில் போகும்.

இணையத்தில் இந்த லஸ்கர் வேலையைச் செய்யும் நெறிமுறைகளில் மூத்தது எச்.323. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996-இல் கொண்டுவந்தது. தொலைபேசி உலகத்துக்காரர்கள் செய்ததால் எல்லாம் கறாராக இருக்கும். அழைப்பைத் தொடங்க ஒரு நெறிமுறை, எந்தக் கோடெக் (குரலைச் சுருக்கும் முறை) என்று பேசி முடிக்க இன்னொன்று, கேட்கீப்பரிடம் (அழைப்புகளுக்கு அனுமதி தரும் சர்வர்) பதிவு செய்ய மூன்றாவது. செய்திகள் பைனரியில் இருப்பதால் கோளாறு வந்தால் கண்ணால் படிக்க முடியாது, அதற்கென்று கருவி வேண்டும். பழைய காணொலிக் கூட்ட அறை ஏற்கெனவே இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். புதிதாக இதை வாங்க நான் சொல்லமாட்டேன்.

சிப் 1999-இல் வந்தது. இப்போது வழங்கும் வடிவம் 2002-இல் வெளியான ஆர்எஃப்சி 3261 என்ற தர ஆவணத்தில் இருப்பது. செய்திகள் வெறும் எழுத்துதான். 'இன்வைட்' போகும், '180 ரிங்கிங்' வரும், எடுத்ததும் '200 ஓகே', அதற்கு 'ஆக்', முடிக்க 'பை'. இப்படிக் கண்ணால் படிக்க முடிவது பெரிய வரம். இரவு பதினொரு மணிக்குக் கடைக்காரர் கூப்பிட்டாலும் லாக்கைத் திறந்து எந்த வரியில் நின்றது என்று சொல்லிவிடலாம். மேசை போன், மொபைல் செயலி, பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் இணைப்பகம்) எல்லாம் சிப் பேசும். உங்கள் 4ஜி போனின் வோல்ட்இ அழைப்பும் உள்ளே சிப்தான்.

ஆனால் சிப்பிடம் ஒரு பெரிய குறை உண்டு. கும்பகோணம் கடையில் போன் வைத்த முதல் நாள், ஆலையில் பேசுவது கடையில் கேட்கவில்லை, கடையில் பேசுவது ஆலையில் நன்றாகக் கேட்டது. அரை நாள் அலைந்தேன். காரணம் இதுதான்: கடை போன் தன் முகவரி 192.168.1.20 என்று செய்திக்குள் எழுதி அனுப்புகிறது. அது ரவுட்டருக்கு உள்ளே மட்டும் செல்லும் முகவரி. 'மேலத்தெரு, மூன்றாவது வீடு' என்று மட்டும் எழுதி ஊர்ப் பெயரை விட்டுவிட்ட கடிதம் மாதிரி. மேலத்தெரு இல்லாத ஊர் ஏது? குரல் எங்கும் போய்ச் சேராது. இதைச் சரிசெய்கிறேன் என்று ரவுட்டரில் 'சிப் ஏஎல்ஜி' என்று ஒரு வசதி இருந்தது. அது செய்தியை அரைகுறையாகத் திருத்தி இன்னும் குழப்பியிருந்தது. அதை அணைத்து, பிபிஎக்ஸில் 'நாட்' (ரவுட்டர் உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) அமைப்பைச் சரியாகக் கொடுத்த பிறகுதான் இரு பக்கமும் கேட்டது.

இந்த இடத்தில்தான் ஐஏஎக்ஸ் எனக்குப் பிடிக்கும். ஆஸ்டரிஸ்க் என்ற பிபிஎக்ஸ் மென்பொருளோடு பிறந்தது. இதில் சிக்னலிங்கும் குரலும் ஒரே யுடிபி போர்ட்டில், அதாவது 4569 என்ற ஒரே வாசலில், சேர்ந்தே போகும். லஸ்கரும் தண்ணீரும் ஒரே வழி என்பதால் முகவரிச் சிக்கலே வராது. இன்னொரு லாபமும் உண்டு. ஜி.729 கோடெக்கில் 20 பைட் குரலுக்கு 40 பைட் தலைப்பு (முகவரி முதலான தகவல்) ஒட்டிக்கொள்ளும், விநாடிக்கு 8 கிலோபிட் 24 ஆகிவிடும். இரண்டு பிபிஎக்ஸுகளை இணைக்கும் ஐஏஎக்ஸ் ட்ரங்கில் பல அழைப்புகள் ஒரே தலைப்பைப் பங்கிட்டுக்கொள்ளும். ஐப்பசி மழையில் பைபர் அறுந்து டாங்கிளில் ஓட்டும்போது இந்த மிச்சம் உயிர் காக்கும். குறை என்னவென்றால் ஐஏஎக்ஸ் பேசும் மேசை போன்கள் மிகக் குறைவு. ஆகவே ஆலை பிபிஎக்ஸுக்கும் கடை பிபிஎக்ஸுக்கும் நடுவே மட்டும் போட்டேன்.

பிரவுசருக்குள்ளேயே குரலும் வீடியோவும் பேச வைக்கும் வெப்ஆர்டிசியை இவற்றோடு நேராக நிறுத்தி ஒப்பிட முடியாது. சிக்னலிங் எப்படி என்று அது சொல்வதே இல்லை, அதை நம்மிடம் விட்டுவிட்டது. வெப்சாக்கெட் (பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே திறந்தே இருக்கும் இணைப்பு) மேல் சிப்பையே ஓட்டலாம், சொந்தமாகவும் எழுதலாம். ஆனால் 'நாட்' தடையைத் தாண்டும் 'ஐஸ்' முறையும் குரலுக்கான குறியாக்கமும் அதில் கட்டாயம். பிரவுசரே போதும், செயலி நிறுவ வேண்டாம். மகனோடு வீடியோ பேச இதைத்தான் வைத்தேன். பையனின் அம்மாவுக்கு ஒரு லிங்க் அனுப்பினால் போதும் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

அப்புறம், சிப்பின் 5060 போர்ட்டை இணையத்தில் அப்படியே திறந்து வைக்காதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்து உங்கள் கணக்கில் வெளிநாட்டு எண்களுக்குப் பேசும் கும்பல் இதற்கென்றே சுற்றுகிறது. தன் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்த எக்ஸ்டென்ஷன் (உள் இணைப்பு)தான் முதலில் போகும்.

போட்டு முடித்ததும் மொபைல் டேட்டாவிலிருந்து கடைக்குக் கூப்பிட்டு ஒரு நிமிடமாவது பேசிப் பாருங்கள். சரியாக 32 விநாடியில் துண்டித்தால் 'ஆக்' திரும்பி வந்து சேரவில்லை என்று பொருள். முகவரி இன்னும் தவறாகத்தான் இருக்கிறது.