மணற்காட்டில் நான்கு இரவுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிக் கரையிலுள்ள மணற்காட்டில் நாங்கள் தங்கிய இடத்தில் ஷவர் இல்லை. குளியலறைக்குள் ஒரு சீமெந்துத் தொட்டி, பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கோப்பை. தொட்டியைக் கிணற்றில் அள்ளி நாங்களேதான் நிரப்ப வேண்டும். வட்ஸ்அப்பில் இடம் கேட்டபோதே அந்த இடத்தை நடத்தும் அக்கா இதைச் சொல்லிவிட்டார். "தம்பி, வெளிநாட்டிலயிருந்து வாற ஆக்களுக்கு இது சரிவருமோ தெரியேல்லை. பிள்ளையளோட கதைச்சுப்போட்டுச் சொல்லுங்கோ" என்று ஒரு குரல் பதிவு. கதைத்தேன். பிள்ளைகள் இரண்டுபேரும் உடனே சரி என்றார்கள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஒவ்வொரு கோடையிலும் நோர்போக் கடற்கரையில் காரவான் நிறுத்தும் ஓர் இடத்துக்குப் போவது எங்கள் வழக்கம். அங்கே காரவானுக்குள் குழாய் இருந்தாலும் தண்ணீர் தானாக வராது. நாற்பது லீற்றர் பிடிக்கும் உருளைப் பீப்பாயைப் பொதுக் குழாயடிக்கு உருட்டிக்கொண்டு போய் நிரப்பி வர வேண்டும். காலைக்கடன், பாத்திரம், தேநீர் எல்லாம் அதற்குள்தான். தண்ணீரை அளந்து செலவழிக்க என் பிள்ளைகள் அங்கேதான் பழகினார்கள். அதே அமைதியோடு ஓர் இடம் எங்கள் ஊர்க் கடற்கரையிலும் இருக்குமா என்பது பல வருடமாக எனக்குள் இருந்த கேள்வி.

நாங்கள் நெல்லியடிப் பக்கத்து ஆட்கள். சொந்த வீடு இப்போது இல்லை. போன ஆடி மாதம் போனபோது நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கிவிட்டது. யாழ்ப்பாண நகரில் நாங்கள் மூன்று மாதம் முன்னரே பதிவு செய்திருந்த விடுதி, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு "அறை இல்லை" என்று செய்தி அனுப்பியது. திருவிழாக் காலத்தில் போகிறவர்கள் பதிவு செய்ததோடு விட்டுவிடாமல் ஒரு கிழமை முன்பு தொலைபேசியில் பேசி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது நன்மையாகவே முடிந்தது, மணற்காட்டில் நான்கு இரவு கிடைத்தது.

சித்தப்பாதான் கோபித்துக்கொண்டார். "வீடு இருக்கேக்கை காசு குடுத்து வெளியில தங்குறதோ?" என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. ஊரில் சொந்தக்காரர் இருக்கும்போது விடுதியில் தங்குவது அவர்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் மறந்துவிடுகிறோம். முதல் இரண்டு இரவும் கடைசி இரவும் அவர் வீட்டில் என்று முடிவானபிறகுதான் முகம் தெளிந்தது.

போக்குவரத்து இப்போது எவ்வளவோ பரவாயில்லை. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்ததிலிருந்து, கொழும்பில் இறங்கி இரவிரவாக வடக்கே வர வேண்டிய அலைச்சல் கட்டாயமில்லை. நாங்கள் சென்னை வழியாக வந்தோம். சிறிய விமானம், பொதி அளவில் கண்டிப்பு. அதை முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் வேறு தொல்லை இல்லை. கடவுச்சீட்டைக் காட்டி நெல்லியடிக் கடையொன்றில் சிம் அட்டை எடுத்தோம், பத்து நிமிடம்தான். காசு எடுப்பதில்தான் இழுபறி. வெளிநாட்டு அட்டையை இரண்டு இயந்திரங்கள் ஏற்கவில்லை, மூன்றாவது ஏற்றது. மணற்காட்டுப் பக்கம் எல்லாமே கைக்காசு என்பதால் போவதற்கு முன் எடுத்து வைத்திருப்பது நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு 750 பஸ். சின்ன வயதில் பள்ளிக்குத் தொங்கிக்கொண்டு போன அதே இலக்கம். பருத்தித்துறையிலிருந்து மணற்காட்டுக்கு பஸ் குறைவு, நேரத்தை ஆட்களிடம் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது. அக்காவின் மகன் ஓட்டோ வைத்திருந்தார், அதனால் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஓட்டோ தென்னந்தோப்புகளையும் பனங்கூடல்களையும் கடந்து போனது. ஒரு வளைவுக்குப் பிறகு திடீரென்று வெள்ளை மணற்குன்றுகள். என் மகன் பாலைவனம் என்றான். அப்புறம் சவுக்குக் காடு, அதற்கு அப்பால் கடல்.

நான்கு சிறு குடில்கள், ஓலைக்கூரை, உள்ளே கட்டிலும் நுளம்புவலையும் ஒரு மின்விசிறியும். சவுக்கு மரங்களுக்கு இடையே கூடாரம் அடிக்க ஒரு துப்புரவான வெளி. இரவுக்கு 6,000 ரூபாய், சாப்பாடு தனி. படுக்கை விரிப்பு வெயிலில் காய்ந்த மணத்தோடு இருந்தது. கழிப்பறை தனியே, பளிச்சென்று சுத்தம். கிணற்றிலிருந்து நல்ல தூரத்தில், தாழ்வான பக்கம் பார்த்துக் கட்டியிருந்தார்கள்.

அந்தக் கிணற்றைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், வெறும் மணலுக்குள் சீமெந்து வளையம் இறக்கிய கிணறு. எட்டிப் பார்த்தால் பத்தடி கீழே முழங்கால் அளவு தண்ணீர், அடியில் மணல் தெரிந்தது. வாளியை எறியக்கூடாது. கயிற்றை மெதுவாக விட்டு, வாளியைச் சரித்து, மேல்தண்ணீரை மட்டும் அள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடிமணல் கலங்கி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். குடித்துப் பார்த்தேன். உப்பில்லை. இளநீரின் மெல்லிய இனிப்புப் போல ஒன்று நாக்கில் நின்றது.

மாரியில் பெய்யும் மழையை மணற்குன்றுகள் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. நல்ல தண்ணீர் கடல்நீரை விட எடை குறைந்தது, அதனால் மணலுக்கடியில் இருக்கும் உவர்நீரின் மேல் அது ஒரு படையாக மிதந்து நிற்கிறது. மெல்ல அள்ளினால் ஊறிக்கொண்டே இருக்கும். மோட்டர் வைத்து ஒரேயடியாக இழுத்தால் கீழேயிருக்கும் உவர் மேலே ஏறிவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்றும் இல்லை. நிலத்தடி நீர்தான் எல்லாம். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், ஆனால் வாளியின் பாரம் கையில் இருக்கும்போதுதான் அது உண்மையாக விளங்கியது.

"மோட்டர் பூட்டச் சொல்லிக் கனபேர் சொல்லுகினம், தம்பி. பூட்டினா ஒரு கோடையிலயே உவராப் போயிடும். பிறகு இந்தப் பக்கத்து நாலு வீட்டுக்காரரும் எங்க போறது?" என்றார் அக்கா. என் மகள் ஒவ்வொரு நாளும் மாலையில் கிணற்றின் உள்வளையத்து ஈரக்கோட்டைப் பார்த்து வைத்தாள். நாங்கள் எல்லோரும் குளித்து முடிக்கும்போது தண்ணீர் நான்கு விரல் இறங்கியிருக்கும். விடியற்காலையில் திரும்பப் பழைய கோட்டில் வந்து நிற்கும். அதைப் பார்த்ததிலிருந்து அவள் ஒரு வாளியில் தலை முழுகப் பழகிவிட்டாள்.

அந்தக் குன்றுகளில் சில இடங்களில் பாதி வெட்டி எடுத்தது போலக் காயம் தெரிகிறது. வீடு கட்ட மணல் தேவை, அதை மறுக்க முடியாது. ஆனால் அங்கே லொறியில் ஏறுவது மணல் மட்டும் என்று எண்ணுவது பெரிய பிழை, அந்தக் கிணறுகளின் தண்ணீர்த் தொட்டியும் அதோடு போகிறது. ஊரில் வீடு கட்டக் காசு அனுப்பும் என் நண்பர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மணல் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

காலையில் ஐந்தரைக்கே கடற்கரைக்குப் போய்விடுவோம். சூரியன் கடலுக்குள்ளிருந்தே எழும்பும். ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று. அது தரையிலிருந்து கடல் பக்கம் வீசுவதால் கரையோரம் தண்ணீர் குளம்போல இருக்கும். அந்த அமைதியில்தான் ஆபத்து இருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. காற்றடைத்த வளையமொன்றை மகன் பையில் கொண்டுவந்திருந்தான். தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அது ஐம்பது யார் போய்விட்டது. அவன் பின்னால் நீந்தப் போனான். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் ஐயா "விடு தம்பி! விடு! அதை விட்டிட்டு வா!" என்று போட்ட சத்தத்தில்தான் நின்றான். பிறகு அவரே வள்ளத்தில் போய் எடுத்து வந்து, காற்றை முழுக்கப் பிடுங்கி என் கையில் தந்தார். கை நடுங்கியது எனக்குத்தான். பிள்ளைகளோடு போகிறவர்கள் சோளக காலத்தில் மிதப்பது எதையும் கடலில் இறக்காதீர்கள். எந்த இடத்தில் குளிக்கலாம் என்று அங்குள்ளவர்களைக் கேட்டபிறகே கால் நனையுங்கள்.

அந்த ஐயாவோடு பிறகு நிறையப் பேசினோம். அவருடைய வலையில் ஒரு பெரிய கிழிசல். இரவில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் இழுத்துப் போனதாம். "அங்கால இருக்கிறவையும் எங்கட சனம்தான், அதுதான் கூடக் கவலை" என்றார். ஊசியில் நைலோன் நூலைக் கோத்து, பெருவிரலால் வலைக்கண்ணின் அளவை அளந்து, முடிச்சை நாக்கால் நனைத்து இறுக்கினார். ஒரு மணி நேரத்தில் ஒரு முழம்தான் முடிந்தது.

குடிலிலிருந்து நடக்கிற தூரத்தில், மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயில். சுவர்களும் வளைவுகளும் நிற்கின்றன, கூரை இல்லை, உள்ளே மணல் ஏறிக் கிடக்கிறது. மாலை வெயிலில் அந்தச் சுவர்கள் மணலின் நிறத்துக்கே வந்துவிடுகின்றன. படம் எடுக்க ஏறி நிற்பவர்களைக் கண்டேன், வேண்டாம், அந்தச் சுவர்கள் தாங்காது. இதே கரையை 2004 மார்கழி 26 அன்று சுனாமி அடித்தது. வடமராட்சி கிழக்கில் அந்தக் காலையைத் தொடாத குடும்பம் குறைவு. அக்கா அதைப் பற்றி ஒரு வாக்கியம்தான் சொன்னார், நாங்களும் மேலே கேட்கவில்லை. சுற்றுலாவாகப் போகிறவர்கள் அங்கே குரலைத் தாழ்த்திப் பேசினால் நல்லது.

ஒரு நாள் வல்லிபுர ஆழ்வார் கோயில். மூலஸ்தானத்தில் சக்கரம்தான். புரட்டாசியில் சுவாமி மணல்வெளி கடந்து கடல் தீர்த்தத்துக்குப் போகிற நாளில் நான் பத்து வயதில் அப்பாவின் தோளில் இருந்து பார்த்திருக்கிறேன். இந்த முறை வெறும் நாள், கோயில் வீதியில் காற்று மட்டும். பிராகிருதத்தில் எழுதிய பொன்னேடு கிடைத்ததும் இந்த ஊரில்தான்.

அடுத்த நாள் கரையோர வீதியால் பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு. பருத்தித்துறையில் 1916 இல் கட்டிய வெளிச்சவீட்டை வெளியில் நின்று பார்த்தோம். தெருவின் மேலே கூரை போட்டாற்போல நிற்கும் தெருமூடிமடத்தின் நிழலில் பிள்ளைகள் அரை மணி நேரம் இருந்துவிட்டார்கள். கல் குளிர்ச்சி, இரண்டு பக்கமும் திண்ணை, நடுவே சைக்கிள்களும் ஓட்டோக்களும் போய்க்கொண்டிருந்தன. வழிப்போக்கருக்காக ஒரு தெருவையே மூடி நிழல் தந்த ஊர் இது என்று அவர்களுக்குச் சொன்னபோது எனக்குக் குரல் கம்மியது. பருத்தித்துறை வடை ஒரு கிலோ வாங்கினோம். தட்டையாக, மொறுமொறுப்பாக, பெருஞ்சீரக வாசத்தோடு. இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

வல்வெட்டித்துறையில் பிள்ளைகளுக்கு அன்னபூரணியின் கதையைச் சொன்னேன். இந்த ஊரவர் கட்டிய பாய்க்கப்பல். ஓர் அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்ற, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு போய் 1938 இல் மாசசூசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். 1971 இல் பாக்கு நீரிணையை நீந்திப் போய் நீந்தித் திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தனும் இந்த ஊர்தான். கடலை மகன் அதற்குப் பிறகு வேறு மாதிரிப் பார்த்தான். மதியம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் அன்னதானம். எங்கிருந்து வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, பந்தியில் இடம் காட்டி உட்காரச் சொன்னார்கள்.

இரவுச் சாப்பாடு அக்கா வீட்டில். ஒடியற்கூழ் ஒரு நாள், கணவாய்க் கறி ஒரு நாள், பிட்டும் சூடைமீன் பொரியலும் ஒரு நாள். என்ன மீன் வரும் என்று காலையில் அவருக்கே தெரியாது, கரையில் வந்ததுதான் கறி. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குறை என்று சொன்னால் குப்பைதான். பகலில் வந்து போகிறவர்கள் சாப்பாட்டுத் தாளையும் போத்தலையும் சவுக்குக் காட்டிலேயே விட்டுப் போகிறார்கள். சோளகம் அவற்றை நேரே கடலுக்குள் தள்ளுகிறது. நோர்போக்கில் நாங்கள் தங்கும் இடத்தில் நுழைவாயிலிலேயே குப்பைக்கு வரிசையாகத் தொட்டிகள் உண்டு. இங்கே அக்கா ஒரு சாக்கைக் கட்டி வைத்து, நிறைந்ததும் மகனின் ஓட்டோவில் ஏற்றி அனுப்புகிறார். கடற்கரைக்கு இறங்கும் வழியில் நாலு தொட்டியும் கிழமைக்கு இரண்டு தரம் வரும் ஓர் உழவியந்திரமும் கிடைத்தால் இந்தக் கரை பிழைக்கும். எங்கள் குப்பையை நாங்கள் பையில் கட்டி நெல்லியடிக்குக் கொண்டு வந்தோம். சித்தப்பா ஏதோ கடல் உணவு என்று நினைத்து வாங்கப் பார்த்தார்.

கடைசி நாள் காலையில் கணக்குத் தீர்த்தபோது அடுத்த வருடத்துக்கும் இடம் கேட்டேன். ஆனியில் வந்தால் கூட்டம் இராது, கிணற்றிலும் தண்ணீர் கொஞ்சம் கூட இருக்கும் என்றார். முற்பணம் வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டு, பள்ளிக் கொப்பி ஒன்றில் எங்கள் பெயரை எழுதிக்கொண்டார். மகள் அதற்குள் கிணற்றடிக்குப் போய், வாளியை மெதுவாக இறக்கி, எங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்காகத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள்.